திருமறைக்காட்டில் எட்டு நாள்

அயல்நாட்டில் பிழைக்கும் தமிழன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு சொந்த ஊர்கள் உண்டு. ஒன்று, அவன் விட்டு வந்த ஊர். மற்றொன்று, அவன் மனத்துக்குள் கட்டிக் கொண்ட ஊர். முதல் ஊரில் மழை பெய்யும், புயல் அடிக்கும், விலைவாசி ஏறும், மனிதர்களுக்கு வயதாகும். இரண்டாவது ஊரிலோ இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அங்கே முருங்கை மரம் எப்போதும் காய்த்துக் கொண்டிருக்கும். பாட்டி எப்போதும் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். இந்த இரண்டு ஊர்களும் ஒரே ஊர்தான் என்று எண்ணிக் கொண்டு ஒருவன் டிக்கெட் வாங்கினால், அவன் பாடு கொஞ்சம் சங்கடந்தான்.

அப்படித்தான் சென்ற சித்திரை மாதத்தில் எட்டு நாள் விடுமுறை எடுத்துக் கொண்டு சிங்கப்பூரிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டோம். ஊரைப் பார்க்கும் ஆசை இருந்தது உண்மை. ஆனால் பையில் வைத்திருந்த காகிதங்களைப் பற்றியும் நேயர்களிடம் மறைக்கக் கூடாது. பூட்டிக் கிடக்கும் பாட்டனார் வீட்டை விற்றுவிடுவதென்று தீர்மானித்து, பேரம் பேசி, அச்சாரமும் வாங்கியாகி விட்டது. கையெழுத்துப் போடுவதற்காகவே போனோம்.

பதினைந்து நாளும் நாலரை மணியும்

நம் தகப்பனார் முதன் முதலாகக் கடல் கடந்தபோது நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறினார். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1970-களின் முற்பகுதி வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்து கொண்டிருந்தது. ஊர் திரும்புவதென்றால் பல நாள் கடலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மெள்ள மெள்ள ஊருக்குத் தயாராகிவிடும். இப்போதோ சிங்கப்பூரில் காலைச் சிற்றுண்டி; சுமார் நாலு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளி. உடம்பு வந்து சேர்ந்துவிடுகிறது. மனம் பின்னால் எங்கேயோ வந்து கொண்டிருக்கிறது.

திருச்சியில் விமான நிலையத்தின் புதிய கட்டடம் 2024 ஜூனிலிருந்து நடைபெற்று வருகிறது. கோபுரங்களும் சித்திரங்களுமாய்ப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. வெளியே வந்து வாடகைக் கார் பிடித்தோம். வழியெல்லாம் நாம் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். குறை சொன்னோம். வெயில் அதிகம் என்றோம். சாலையில் புழுதி என்றோம். நாலரை மணி நேரம் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு வலிக்கிறது என்றோம்.

கார் ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டு வந்தவர், திருத்துறைப்பூண்டி தாண்டியதும், "ராஜாஜி எல்லாரும் திருச்சியிலேருந்து இங்கே வரைக்கும் நடந்தே வந்தாங்களாமே, சார்! ஸ்கூல்ல படிச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு வேதாரண்யம் வந்து சேரும் வரையில் நாம் வாயைத் திறக்கவில்லை.

1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் நூற்றைம்பது மைல் கால்நடையாக வந்து, 28-ந் தேதி வேதாரண்யத்தை அடைந்தார்கள். அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் கலெக்டராயிருந்தவர் தோர்ன் என்னும் துரை. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அவர் உத்தரவு போட்டார். சாப்பாட்டை நிறுத்தினால் சத்தியாக்கிரகம் தானே நின்றுவிடும் என்பது துரையின் கணக்கு. ஜனங்களுடைய கணக்கு வேறாயிருந்தது. அவர்கள் சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா ஜெயிலில் போட முடியும்? புளிய மரம் புளியோதரை காய்த்த அதிசயத்தைக் கண்டு போலீஸார் திகைத்து நின்றார்கள்.

அந்தச் சாலையிலேதான் நாம் குளிர்சாதனக் காரில் உட்கார்ந்து இடுப்பு வலியைப் பற்றிப் பேசிக் கொண்டு வந்தோம்.

பூட்டும் பதிகமும்

'வேதாரண்யம் விளக்கழகு' என்பது நம் பக்கத்துப் பழமொழி. அந்த விளக்கைவிடப் பெயர் பெற்றது திருமறைக்காட்டுக் கோயிலின் கதவு. வேதங்கள் வந்து பூஜை செய்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பெருமான் பாடித் திறப்பித்தார் என்றும், சம்பந்தப் பெருமான் பாடி அடைப்பித்தார் என்றும் புராணம் கூறுகிறது. திறப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்ததாம். அது எவ்வளவு உண்மை என்பதை நம் வீட்டு வாசலில் கண்டோம்.

ஐந்து வருஷமாகத் திறவாத பூட்டு. கடற்காற்றில் துருப்பிடித்து இரும்புக் கட்டியாகிவிட்டிருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினோம்; சாவி வளைந்தது. தேங்காயெண்ணெய் விட்டோம், மண்ணெண்ணெய் விட்டோம். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் சுத்தியல் கொண்டு வந்து, பதிகம் எதுவும் பாடாமலே இரண்டே அடியில் திறந்து கொடுத்தான்.

உள்ளே போனோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் கூடத்தில் நின்றபடியே ஆகாயத்தைப் பார்க்க முடிந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் இந்தக் கரையைத் தாக்கிய 'கஜா' புயல், ஓடுகளில் பாதியைக் கொண்டு போய்விட்டது. மனத்துக்குள்ளே நாம் கட்டி வைத்திருந்த வீட்டில் ஓர் ஓடுகூட விலகியதில்லை என்பதை அப்போது நினைத்துக் கொண்டோம்.

கொல்லைப்புறத்தில் மட்டும் ஏதோ சத்தம் கேட்டது. சகடை உருளும் சத்தம். எட்டிப் பார்த்தோம். வேலிப்படல் வழியாக நாலைந்து ஸ்திரீகள் குடத்துடன் வந்து நம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொண்டிருந்தார்கள். பாதி வீடு விழுந்து கிடந்த அந்த மனையில் கிணற்றடி மட்டும் பெருக்கிச் சுத்தமாயிருந்தது. வாளிக் கயிறு புதுக் கயிறு. நம்மைக் கண்டதும் ஒரு கிழவி, "யாரு, சிங்கப்பூர்த் தம்பியா? எப்ப வந்தீங்க? அத்தை சொன்னாங்க" என்று மலர்ந்த முகத்துடன் கேட்டாள். அவளுக்கு நம் பையிலிருந்த காகிதங்களைப் பற்றித் தெரியாது.

மாறின விஷயங்களும் மாறாத விஷயங்களும்

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் கையால் சாப்பிட்டுக் கொண்டு இரண்டு நாள் ஊரைச் சுற்றினோம்.

அயல்நாட்டிலிருந்து வந்தவன் ஊரில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. குப்பை கண்ணில் பட்டது. சாக்கடை மூக்கில் பட்டது. ஆனால் குற்றம் கண்டுபிடிக்கும் உற்சாகத்தில் நாம் இரண்டு மூன்று இடங்களில் நன்றாக ஏமாந்து போனோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் இளநீர் குடித்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினோம். இளநீர்க்காரர் நோட்டைத் தொடவில்லை. இளநீர்க் குலையின்மேல் தொங்கிய ஓர் அட்டையைச் சுட்டிக் காட்டி, "ஜிபே பண்ணிடுங்க, சார்" என்றார். நம் அயல்நாட்டுக் கைப்பேசியால் அது முடியவில்லை. "பரவாயில்லை, நாளைக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குச் சீவத் தொடங்கினார். சிங்கப்பூரிலிருந்து வந்த நாம் வேதாரண்யத்து இளநீர்க்காரரிடம் நாகரிகக் குறைவினால் கடன் வைத்துவிட்டு வந்தோம்!

டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை என்று ஏற்பட்டது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளின் மடியில் பெரிய முல்லைப்பூ மூட்டை. இங்கே சுற்று வட்டாரத்து மணற்பாங்கான கிராமங்களில் முல்லைத் தோட்டங்கள் ஏராளம். விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். பொழுது ஏறினால் மொட்டு மலரும், விலை வாடும். அந்த அம்மாள், "முன்னெல்லாம் பஸ் காசு மிச்சம் பிடிக்கப் பூவை ஆள்கிட்டே கொடுத்து அனுப்பிடுவேன். சொன்ன விலைதான். இப்போ நானே போறேன், நானே நிறுத்துப் பார்க்கிறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த பொருளாதாரம் நமக்குப் பல புத்தகங்களில் கிடைத்ததில்லை.

ரயிலும் திரும்பி வந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் பாதை பல வருஷம் மூடிக் கிடந்தது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடியும் திறக்கப்பட்டது.

மாறாதது உப்பளம். அகஸ்தியம்பள்ளிக்குப் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய வரையில் பாத்திகள். கடல் நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, வெயிலில் சுண்ட விடுகிறார்கள். அடியில் உப்புப் பூத்ததும், நீண்ட கழியில் பலகை பொருத்தி வாரி வரப்பில் குவிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளி மலைத் தொடர் போல் அழகாயிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால், அந்த மலையைக் குவித்தவர்களின் பாதங்கள் உப்பு நீரில் வெடித்துப் புண்ணாகியிருக்கின்றன. வெயிலில் வெள்ளை வெளேரென்ற பரப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறது. எதிர்பாராத மழை ஒன்று பெய்தால் பாத்தியெல்லாம் கரைந்து, பல நாள் உழைப்பு வீணாகிறது. 1930-ல் உப்பை அள்ளியவர்களுக்குச் சிறைத் தண்டனை. 1947-ல் உப்பு வரி போயிற்று. உப்பை அள்ளுகிறவர்களின் கஷ்டம் இன்னும் முழுவதும் போகவில்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு

மூன்றாம் நாள் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம். பாட்டனார் உயில் எழுதாமல் காலமானபடியால் அவளுக்கும் வீட்டில் பங்கு உண்டு. அவள் கையெழுத்து வேண்டும். அழுவாள், கோபிப்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கு வேண்டிய சமாதானங்களையெல்லாம் விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்தோம்.

அத்தை அழவில்லை. "விற்கத்தான் வேணும், தம்பி. யார் வந்து இருக்கப் போறீங்க? நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். பிறகு சற்று நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொண்டிருந்துவிட்டு, "வாங்கறவரு கிணத்தைத் தூத்துட்டு, போர் போட்டு மோட்டார் வைக்கப் போறாராம். நீயே போய் அந்த நாலு வீட்டிலேயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. எனக்குச் சொல்ல வாய் வரல்லே" என்றாள்.

இங்கே தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வேதாரண்யத்தில் மூன்று பக்கமும் உப்பு. ஆனால் மணல் மேடுகளின் கீழே மட்டும் மழை நீர் இறங்கித் தங்கி நிற்கிறது. உப்பு நீர் கனமானது. நல்ல நீர் லேசானது. ஆகையால் நல்ல நீர் உப்பு நீரின்மேல் பாலாடை போல் மிதந்து கொண்டிருக்கிறது. வாளியால் சிறுகச் சிறுக இறைத்தால் ஆடை கலையாது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். ஒரு தடவை உப்பேறிவிட்டால், அக்கம் பக்கத்துக் கிணறுகளுக்கும் அதே கதிதான். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது. வரும் நாளும் உண்டு; வராத நாளும் உண்டு.

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து, நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. கரையோரத்துக் கிணறுகள் பலவும் அப்போது உப்பாகிவிட்டன. மேட்டிலிருந்த நம் கிணறு தப்பியது. 'கஜா' அடித்த பிறகு வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை; ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் மௌன விரதம் பூண்டன. சகடையும் கயிறும் உள்ள இந்தக் கிணறுதான் தெரு முழுவதற்கும் தண்ணீர் கொடுத்தது. இவையெல்லாம் நடந்தபோது நாம் சிங்கப்பூரில் குழாயைத் திருகிவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து வருத்தப்பட்டுக் கொண்டிருந்தோம்.

"முப்பதாம் வருஷம் தொண்டர்களுக்குத் தண்ணி இங்கேருந்துதான் போச்சுன்னு அப்பா சொல்வார்" என்று அத்தை சொன்னாள். வேதாரண்யத்தில் பழைய கிணறு வைத்திருக்கும் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நம்மிடம் அத்தாட்சி ஒன்றுமில்லை. ஆனால் நூறு பேர் தங்கிய ஊரில் ஒரு கிணறு போதியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நாலு வீடு, நாலு காப்பி

மறு நாள் காலையில் நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டு வருவதென்று புறப்பட்டோம்.

முதல் வீட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். நம் தகப்பனார் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த டார்ச் விளக்கை இன்னும் வைத்திருப்பதாக எடுத்து வந்து காட்டினார்கள். இரண்டாம் வீட்டில் உப்பளத்து வேலைக்குப் போகிற அம்மாள், காலில் துணி சுற்றியிருந்தவள், நாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல் காப்பி போட்டாள். "உங்க கிணத்துத் தண்ணி, அதான் இந்த ருசி" என்றாள். மூன்றாம் வீட்டில் ஒரு சிறு பெண் நமக்குப் பாட்டுப் பாடிக் காட்டினாள். நாலாம் வீட்டில் சுத்தியலால் பூட்டைத் திறந்த பையன் இருந்தான். அவன்தான் மாதத்துக்கொரு தடவை கிணற்றில் இறங்கிச் சருகு அள்ளுகிறவன் என்று அப்போது தெரிந்தது. புதுக் கயிறு வாங்கியதும் அவர்கள் தெருவில் பத்துப் பத்து ரூபாயாகச் சேர்த்துத்தான்.

நாலு காப்பி சாப்பிட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வீடு திரும்பினோம். அத்தை நம் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு கோயம்புத்தூரிலுள்ள தம்பியுடன் வெகு நேரம் டெலிபோனில் பேசினோம். தம்பிக்குப் பெண்ணின் கல்லூரிச் செலவு இருக்கிறது. அவன் பணத்தை எதிர்பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. நமக்கும் பணம் வேண்டாத ஸ்திதி இல்லை. கடைசியில், கிணற்றையும் அதற்குப் போகும் ஆறு அடிப் பாதையையும் விலக்கிவிட்டு, மற்றதை விற்பதென்று முடிவு செய்தோம்.

வாங்க வந்தவர் மளிகை வியாபாரி, நல்ல மனிதர். யாத்திரிகர்கள் தங்குவதற்கு விடுதி கட்டப் போகிறார். அவரிடம் சொன்னதும் சிரித்தார். "பின்கட்டை விட்டுட்டா விடுதிக்கு இடமேது? விலையிலே கால் பாகம் குறையும். அப்புறம், என் மனையிலே நான் போர் போடக் கூடாதுன்னு பத்திரத்திலே எழுதுவீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியவில்லை. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வாங்கிக் கொண்டு போனார்.

ஒரு பிடி உப்பு

புறப்படுவதற்கு முதல் நாள் ஏப்ரல் 30. 1930-ல் உப்புச் சட்டம் மீறப்பட்ட தினம். ஆண்டுதோறும் அந்தத் தினத்தில் திருச்சியிலிருந்து யாத்திரையாக வருகிறவர்கள் அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு எதிரில் ஒரு பிடி உப்பு அள்ளுகிறார்கள். அத்தையும் வந்தாள். திரும்பும் வழியில் வைரப்பன் கதையைச் சொன்னாள். சத்தியாக்கிரக நாளில் போலீஸ்காரருக்கு ஊரில் யாரும் ஊழியம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு. வைரப்பன் என்னும் நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்து கொண்டிருக்கையில், அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. பாதி முகத்தோடு கத்தியை மடக்கிவிட்டு, ஜெயிலுக்குப் போனார்.

"தலைவர்கள் பெயரெல்லாம் புஸ்தகத்திலே இருக்கு. சோத்துப் பொட்டலம் கட்டினவங்க பேரு யாருக்குத் தெரியும்?" என்றாள் அத்தை. நாம் அவள் முகத்தைப் பார்த்தோம். அவளுடைய பாட்டி, திருத்துறைப்பூண்டிச் சாலையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டவர்களில் ஒருத்தி என்று அன்றுதான் சொன்னாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ எப்போ எட்டு நாள் இருந்தே?" என்றாள்.

கிளம்பும்போது ஒரு சிறு பொட்டலத்தில் உப்பளத்து உப்புக் கட்டிக் கொடுத்தாள். அயோடின் சேராத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்கலாகாது என்பது இப்போதைய சட்டம். இந்த உப்புச் சட்டம் நம்முடைய ஆரோக்கியத்துக்காக நாமே போட்டுக் கொண்டது. அதை மீற நமக்கு விருப்பமில்லை. ஆகவே அந்தப் பொட்டலம் சமையலறைக்குப் போகாமல், நம் புத்தக அலமாரியில் இருக்கிறது.

கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைக் கட்டுவதற்குப் பணம் அனுப்பினோம். இளநீர்க்காரருக்குரிய கடனையும் அத்தை மூலம் தீர்த்தோம். வீடு இன்னும் விற்கவில்லை. தம்பி முன்போல் அடிக்கடி பேசுவதில்லை.

சென்ற வாரம் அத்தை டெலிபோனில் ஒரு சமாசாரம் சொன்னாள். அந்த மளிகை வியாபாரி ஒரு நாள் சாயங்காலம் தனியாக வந்தாராம். மனையைச் சுற்றிப் பார்த்தாராம். கிணற்றடியில் நின்று, தண்ணீர் இறைத்தவர்களிடம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தைக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.